எண்ண முடியாத அளவு

அருவருப்பை நம்பலாமா?

அன்பு கண்ணை மறைக்கும் என்கிறோம். கோபம் புத்தியைக் கெடுக்கும் என்கிறோம். அச்சம் கயிற்றைப் பாம்பாக்கும் என்கிறோம். அருவருப்பைப் பற்றி மட்டும் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அது உடம்புச் சங்கதி, குமட்டல், அறிவோடு ஒட்டாதது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் திரிந்த பாலை நாக்கு தொடுவதற்கு முன்பே மூக்கு அறிந்துவிடுகிறது. அறிதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அப்படியானால், எதைக் கண்டாலும் முகம் சுளிக்கும் ஒருவரை என்னவென்று சொல்வது? நம்மைவிட அதிகம் அறிந்தவர் என்றா, அறியும் கருவியே பழுதானவர் என்றா?

நகராட்சியின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பதிலும் சொன்னதா என்பதில் எனக்கு உறுதியில்லை.

கூடத்தில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். தண்ணீரின் கலங்கலை அளக்க அங்கே கருவி உண்டு, உப்பை அளக்க உண்டு, குளோரினை அளக்க உண்டு. நாற்றத்தை அளக்க மனித மூக்குதான். மாதிரியைக் குடுவையில் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பாக்கி, மூடியைத் திறந்த நொடியில் முகர வேண்டும். மண், புல், மீன், மருந்து, அழுகல் என்று படிவத்தில் ஐந்து கட்டங்கள். ஐந்தும் போதாது என்று அவள் ஆறாவதாக ‘ஈரச் சாக்கு’ என்று கையால் எழுதிச் சேர்த்திருந்தாள். மற்றவர்கள் மூன்று குடுவைக்குமேல் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். அவளுக்கு மரத்ததே இல்லை. அது வரமா என்று கேட்டால், அவளோடு வாழ்ந்தவர்கள் சட்டென்று ஆமாம் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் தம்ளரை முகர்ந்துதான் தண்ணீர் ஊற்றுவாள். துவைத்துக் காய்ந்த துண்டை முகர்ந்து மறுபடி துவைக்கப் போடுவாள். பிறர் வீட்டுக்குப் போனால் திரைச்சீலை ஓரத்தில் உட்கார மாட்டாள். அவளுடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கிரீஸ் கையோடு வருகிறவர் வாசலிலேயே மூன்று முறை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். “கல்யாணத்துக்கு முன்னாடி என்னை மோந்து பாத்துட்டுத்தான் சரின்னா. அன்னிக்கு எனக்கு ஜலதோஷம், எனக்கு ஒண்ணும் தெரியல,” என்று நண்பர்களிடம் சொல்வார். அவர் சொல்லும்போது அவள் சிரிக்க மாட்டாள், மறுக்கவும் மாட்டாள்.

கணவரின் தங்கை இரண்டு தெரு தள்ளி இருந்தாள். கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. முப்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டு, அதைத் தவிர வேறு பேச்சில்லாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈரத் தலையோடு சமையலறைக்குள் வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றாள்.

“தலையில என்ன நாத்தம்?”

“வா, உக்காருன்னு சொல்லுவாங்க. நல்லாருக்கியான்னு கேப்பாங்க. நீங்க மோந்து பாக்குறீங்க.”

“ஏரியில குளிச்சியா?”

“குளிக்கல அண்ணி. நீந்தினேன்.”

“தண்ணிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கிழக்குக் கரையில சாக்கடை வந்து விழுது. நீ நேரா அதுக்குள்ளதான் தலைய விட்டிருக்கே.”

நாத்தனார் கைப்பேசியை எடுத்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நடக்கும் விக்கி தளம் ஒன்றில் அந்த ஏரிக்குத் தனிக் கட்டுரை இருந்தது. அதை உரக்கப் படித்தாள்: “‘இந்த ஏரியின் நீர் குளிப்பதற்கும் நீந்துவதற்கும் ஏற்றது என நகராட்சியின் ஆய்வு கூறுகிறது.’ பாத்தீங்களா? கீழ சான்று வேற போட்டிருக்கு. மூணாம் நம்பர்.”

“யாரு போட்டது?”

“யாரு வேணா போடலாம். அதான் விக்கி.”

“யாரு வேணா போடலாம்னா அதுக்குப் பேரு சுவரு. தெருவோரச் சுவரு.”

“உங்களுக்கு எதுதான் அண்ணி நாறாது? எங்க அம்மா வீட்டு அலமாரி நாறுது, பஸ் நாறுது, நான் வாங்கிக் குடுத்த சோப்பு நாறுது. அதுல ஏரியும் ஒண்ணு. உங்க பேச்சக் கேட்டு நானூறு பேரு வீட்டுக்குப் போவாங்களா?”

அந்த நானூறு பேர் யார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாத்தனார் சேர்ந்திருந்த பெண்கள் நீச்சல் குழு, இன்னும் இருபத்துநான்கு நாளில் ஏரியை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடக்க ஏற்பாடு செய்திருந்தது. பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள் என்று நானூறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அழைப்பிதழின் பின்பக்கத்தில் விக்கியின் அந்த ஒரு வரி அப்படியே அச்சாகியிருந்தது.

“அந்த வரி இருக்கிற வரைக்கும் நாங்க நீந்துவோம். உங்களுக்குத் தப்புன்னு தோணுச்சுன்னா, போய் மாத்துங்களேன்,” என்று சொல்லிவிட்டு நாத்தனார் தலையைத் துவட்டினாள். துவட்டிய துண்டை அண்ணி இரண்டு விரலால் எடுத்துப் போய் வாளியில் போட்டாள்.

அவள் விக்கிக்குள் நுழைந்த கதை இதுதான். அறிவைப் பரப்ப வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்கு இருந்ததில்லை. தன் சொல்லை யாரும் மதிக்காத இடத்தில், ஒரு பொய்யின் சொல் மதிக்கப்பட்டது அவளுக்குக் குமட்டியது. அவ்வளவுதான்.

அன்றே மேசைக் கணினியில் கட்டுரையைத் திறந்தாள். தலைப்புக்கு அருகே, திருத்துவதற்கான ‘தொகு’ என்ற சொல் இருந்தது. அழுத்தினாள். முழுக் கட்டுரையும் எழுதும் பெட்டிக்குள் வந்து நின்றது. பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. கதவே இல்லாத வீட்டுக்குள் நடந்து போனதுபோல் அவளுக்குக் கூசியது. இருந்தும் வரியை அழித்தாள். அந்த இடத்தில், “இது பொய். இந்த ஏரியில் மலம் கலக்கிறது. நீந்துகிறவர்கள் மலத்தில் நீந்துகிறார்கள்,” என்று எழுதிச் சேமித்தாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் பழைய வரி திரும்ப வந்துவிட்டது. ‘வரலாறு’ என்ற பக்கத்தில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது ஒன்றுவிடாமல் இருந்தது. அவள் எழுதியதை நீக்கியவர் தன்னை ‘ஆமை’ என்று அழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காரணம்: “சான்று இல்லை. நடை கலைக்களஞ்சியத்துக்கு உரியதல்ல.”

அவள் மறுபடி அழித்தாள். ஆமை மறுபடி மீட்டது. மூன்றாம் முறை ‘இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்’ என்று சேர்த்தாள். நான்காம் முறை சேமிக்கப் போனபோது, ஒரு நாளைக்கு அவள் எதையும் தொகுக்க முடியாது என்று ஓர் அறிவிப்பு வந்தது.

“என்னைத் தடுத்துட்டாங்க,” என்றாள் கணவரிடம்.

“யாரு?”

“ஒரு ஆமை.”

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “ஒரு நாள் முழுக்க நீ ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா? நல்ல ஊரா இருக்கே. நானும் அங்கயே குடி போயிடவா?”

தொகுக்க முடியாவிட்டாலும் படிக்க முடியும். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, நகரத்தைப் பற்றிய மற்றக் கட்டுரைகளைப் படித்தாள். படிக்கப் படிக்க அருவருப்பு கூடியது. ஒரு தங்கும் விடுதி தன் குளியலறைகளைத் தானே புகழ்ந்திருந்தது. ஒரு பிரமுகர் தன் இரக்க குணத்தைப் பற்றித் தானே நான்கு பத்தி எழுதியிருந்தார். தான் தர்மம் செய்ததை வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்றும் அதில் ஒரு வரி இருந்தது. பேருந்து நிலையத்தைப் பற்றிய கட்டுரையில் யாரோ தன் பழைய காதலியை ஏசியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காயைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, அதற்குள் சோற்றை மறைத்திருந்தார்கள்.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். எந்தக் கட்டுரையின் வரலாற்றைத் திறந்தாலும் ஆமை வந்து போயிருந்தது. விடுதியின் புகழை அது இரண்டு முறை நீக்கியிருந்தது. இரக்க குணத்தை ஏழு முறை. ஏசியதை இரண்டே நிமிடத்தில். அவர்கள் திரும்ப எழுத, அது திரும்ப நீக்க, அலுப்போ கோபமோ இல்லாமல் ஒரே நாலு சொல்: “நடுநிலை இல்லை; சான்று இல்லை.” நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மணல் வடிகட்டியை வாரம்தோறும் கீழிருந்து மேலே தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவார்கள். கழுவுகிறவன் அழுக்கைத் திட்டுவதில்லை. அவளுக்கு அது நினைவுக்கு வந்ததாகப் பின்னால் சொன்னாள். பாராட்டாகச் சொல்லவில்லை.

தடை நீங்கியதும் ஒரு கணக்கு தொடங்கினாள். பயனர் பக்கம் என்று ஒன்று கொடுத்தார்கள். எழுதும் பொருளோடு தொழில் தொடர்பு இருந்தால் அதை அங்கே சொல்ல வேண்டும் என்பது விதி. தன் பெயரை எழுதி, “நகராட்சி நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பகுப்பாய்வாளர்” என்று ஒரே வரி போட்டாள். புதியவர்கள் எழுதிப் பழகுவதற்கு ‘மணல்தொட்டி’ என்று ஒரு பக்கம் இருந்தது. அங்கே எதை எழுதினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. ஐந்து நாள் அங்கே குளோரினைப் பற்றி எழுதிப் பார்த்தாள். ‘நான்’ என்று வந்த இடத்தையெல்லாம் எடுத்தாள். ‘நாற்றம்’ என்ற சொல்லை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. பிறகு ஏரிக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், திருத்துகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில், மரியாதையாக எழுதினாள்: “கிழக்குக் கரையில் கழிவுநீர் கலப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முகர்ந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியும்.”

ஆமையின் பதில் மாலையில் வந்தது. “உங்களுக்குத் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும் என்பது படிப்பவருக்குத் தெரியாது. நாளை இன்னொருவர் வந்து, தண்ணீர் தேன்போல இருக்கிறது, நான் குடித்துப் பார்த்தேன் என்பார். இருவரில் யாரை நம்புவது? எனவே அச்சில் வெளியானதை மட்டும் ஏற்கிறோம். மூன்றாம் சான்றைத் திறந்து பார்த்தீர்களா? அதில் தவறு இருந்தால் எங்கே என்று காட்டுங்கள்.”

திறந்து பார்க்கவில்லை. முதல் நாளிலிருந்து அந்த வரியை அழிக்கத்தான் பார்த்தாளே தவிர, அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அருவருப்பின் குறை அதுதான் போலும். அது விலகச் சொல்லும். கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லாது.

மூன்றாம் சான்று நகராட்சியின் நான்கு ஆண்டுக்கு முந்தைய ஆண்டறிக்கை. பக்கம் நாற்பத்தொன்று, அட்டவணை ஏழு. ஏரியில் ஆறு இடங்களில் எடுத்த நீரில் மலக் கிருமிகள் நூறு மில்லிக்கு எத்தனை என்ற கணக்கு. முதல் இடம் 84. இரண்டாவது 112. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கட்டங்களில் வெறும் கோடு. கடைசி வரிசையில்: சராசரி 98. குளிக்கும் நீருக்கு ஐந்நூறு வரை ஆகலாம் என்பது அளவுகோல். அதனால் அடியில் ‘ஏற்றது’ என்று ஒரு சொல். அதற்கும் அடியில், பகுப்பாய்வு செய்தவர் என்ற இடத்தில், அவளுடைய கையெழுத்து.

கிருமியை எண்ணும் முறை எளியது. நீரை மெல்லிய வடிதாளில் வடித்து, தாளைத் தட்டில் வைத்து, ஒரு நாள் சூட்டுப்பெட்டிக்குள் வைப்பார்கள். கிருமி ஒவ்வொன்றும் பெருகி நீலப் பொட்டாகத் தெரியும். உருப்பெருக்கி வைத்துப் பொட்டுகளை எண்ண வேண்டும். தண்ணீர் மிக மோசமாக இருந்தால் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தட்டு முழுக்க நீலமாகிவிடும். அப்போது எண் எழுத முடியாது. ‘எண்ண முடியாத அளவு’ என்று சொல்லால் எழுதுவார்கள். மாதிரியில் தூய நீர் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி எண்ணுவதுதான் முறை. அந்த வாரம் வடிதாள் தீர்ந்துபோயிருந்தது. புதிது வந்தபோது மாதிரிகள் பழசாகியிருந்தன.

மறுநாள் கூடத்தின் அலமாரியிலிருந்து அந்த ஆண்டின் பணிக் குறிப்பேட்டை எடுத்தாள். அவள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 84, 112, எண்ண முடியாத அளவு, எண்ண முடியாத அளவு, எண்ண முடியாத அளவு, எண்ண முடியாத அளவு. குறிப்பேட்டில் சொல்லாக இருந்தது அறிக்கையில் கோடாகியிருந்தது. கோட்டுக்கு மதிப்பு இல்லாததால் சராசரி போட்டவர் அதை விட்டுவிட்டு, இருந்த இரண்டு எண்களை மட்டும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். ஏரியின் மிக அழுக்கான நான்கு இடங்கள், மிக அழுக்காக இருந்த ஒரே காரணத்தால், கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தன. கொஞ்சம் குறைவாக நாறியிருந்தால் அவை அட்டவணையில் இடம்பிடித்திருக்கும்.

அட்டவணையைத் தட்டச்சு செய்தவர் ஓய்வுபெற்று, மகன் வீட்டு மாடியில் இருந்தார். அவள் தேடிப்போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

“ஆமா, நான் அடிச்சதுதான். கட்டம் சின்னதும்மா. ‘எண்ண முடியாத அளவு’ன்னு அடிச்சா பக்கத்துக் கட்டத்துக்குள்ள போகுது. ரெண்டு வரியா மடிச்சா அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போகுது. அடுத்த பக்கம் சேர்மன் படம். அதனால கோடு போட்டேன்.”

“கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா நீங்க திட்டுவீங்க. என் சட்டையில சிகரெட் நாத்தம்னு ஒரு தடவ வெளியவே நிக்க வச்சீங்க.” கண்ணாடியைக் கழற்றினார். “தப்பு என் பேருக்குப் போகட்டும். எனக்கென்ன வரப்போகுது? பென்ஷன ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல?”

பண்ண மாட்டார்கள் என்றாள். அவர் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

கூடத்தின் தலைமைப் பகுப்பாய்வாளர் கெட்டவர் அல்ல. தன் மேசைக்கு வரும் எதுவும் தன் மேசையிலேயே முடிந்துவிட வேண்டும் என்று விரும்புகிறவர். அறிக்கையையும் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“கோடுன்னா கோடுதாம்மா. தண்ணி நல்லாருக்குன்னு கோடு எங்க சொல்லுது?”

“அடியில ‘ஏற்றது’ன்னு போட்டிருக்கு சார்.”

“அது சராசரி சொல்லுது.”

“இன்னும் பதினோரு நாள்ல நானூறு பேரு உள்ள இறங்கப் போறாங்க.”

அவர் சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஏற்கெனவே வெளியான அறிக்கைக்குப் பிழைதிருத்தம் போட வழி இருந்தது. கையெழுத்திட்டவர் எழுதிக் கொடுத்தால், தலைமை ஒப்புதலோடு, நகராட்சியின் தளத்தில் அறிக்கைக்குக் கீழேயே அது வெளியாகும். படிவத்தில் ‘பிழைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அதில் இரண்டே தெரிவுகள்: பகுப்பாய்வுப் பிரிவில் நேர்ந்தது, தட்டச்சில் நேர்ந்தது.

“தட்டச்சுன்னு டிக் பண்ணுங்க. அந்த மனுஷனே ஒத்துக்கிறாருன்னு சொல்றீங்க. உண்மையும் அதான். பகுப்பாய்வுன்னு போட்டீங்கன்னா விளக்கம் கேப்பாங்க; உங்க பதவி உயர்வு கோப்பு மேல போயிருக்கு, அது அப்படியே கீழ வந்துடும். நீங்க என்ன, இதப் படிச்சுப் பாத்தா கையெழுத்துப் போட்டீங்க? நூத்து எண்பது பக்கம். யாரு படிப்பா?”

அவள் தட்டச்சு என்ற கட்டத்தில் குறியிட்டாள். மூன்றாம் நாள் பிழைதிருத்தம் வெளியானது: “பக்கம் 41, அட்டவணை 7. நான்கு இடங்களில் கோட்டுக்குப் பதிலாக ‘எண்ண முடியாத அளவு’ என்று படிக்கவும். சராசரியும் ‘ஏற்றது’ என்ற முடிவும் நீக்கப்படுகின்றன. தட்டச்சில் நேர்ந்த பிழை.”

அதற்கான இணைப்பைப் பேச்சுப் பக்கத்தில் இட்டாள். தொடர்புடையவர் தாமே கட்டுரையை மாற்றாமல் இருப்பது நல்லது என்று மணல்தொட்டி நாட்களில் படித்திருந்ததால், வேறு யாராவது மாற்றும்படி கேட்டாள். ஆமை பிழைதிருத்தத்தைப் படித்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, அரை மணி நேரத்தில் பழைய வரியை எடுத்தது. புதிய வரி இப்படி இருந்தது: “நகராட்சியின் ஆய்வில் ஆறில் நான்கு இடங்களில் மலக் கிருமிகள் எண்ண முடியாத அளவு இருந்தன.” நாற்றம் என்ற சொல் அதில் இல்லை. பொய் என்ற சொல்லும் இல்லை. அவள் முதல் நாள் எழுதியதைவிட அது பத்து மடங்கு அருவருப்பாக இருந்தது.

நாத்தனார் அதைக் குழுவுக்கு அனுப்பினாள். நல்ல பெயர் கிடைக்கவில்லை. அழைப்பிதழ் அச்சடித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசி நேரத்தில் கெடுக்க வந்தாள் என்று சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான்கு ஆண்டுக்கு முந்தைய தண்ணீர் இப்போது எங்கே இருக்கப்போகிறது என்று ஒருவர் கேட்டார். ஆனால் பிள்ளைகளை அனுப்புவதாக இருந்த பள்ளி ஒன்று அன்றே விலகியது. அடுத்த நாள் இரண்டாவது பள்ளி. ஆறு நாள் மீதம் இருக்கும்போது நிகழ்ச்சியைக் கைவிட்டு, ஒரு கல்லூரியின் நீச்சல் குளத்தில் சிறிய போட்டியாக நடத்தினார்கள். அறுபது பேர் வந்தார்கள்.

“குளத்துல குளோரின் கண்ணக் கரிக்குது அண்ணி,” என்றாள் நாத்தனார், சிவந்த கண்களோடு வந்து.

“கரிக்கட்டும்.”

“ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லுங்களேன்.”

அவள் நாத்தனாரின் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, “இப்ப பரவால்ல,” என்றாள். அந்த வீட்டில் அது பெரிய வார்த்தை.

இந்த இடத்தில் கதையை முடித்தால் அழகாக இருக்கும். பொய் போனது, நானூறு பேர் தப்பினார்கள், மூக்குதான் சரியாகச் சொன்னது. அவளை மெச்சி நாலு வரி எழுதலாம். எனக்குக் கை வரவில்லை. ஏரிக்கு என்ன ஆனது என்று கேட்டால், சாக்கடை அதே கிழக்குக் கரையில் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. மூக்கு சரியாகச் சொன்னது உண்மை. ஆனால் மூக்குள்ள அந்தப் பெண்ணின் கையெழுத்துத்தான் அந்தப் பொய்யை நான்கு ஆண்டுகள் தாங்கிப் பிடித்திருந்தது. ஊரிலுள்ள அலமாரியும் துண்டும் சோப்பும் நாறிய மூக்குக்கு அந்த ஒரு தாள் மட்டும் எப்படி நாறாமல் போனது? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தெரியாததா, திரும்பிப் பார்க்காததா என்று பழமொழி சொல்வதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதவி உயர்வு ஆணை வந்தது. முதுநிலைப் பகுப்பாய்வாளர். தனி மேசை, சன்னல் ஓரம். கூடத்தில் கேக் வெட்டினார்கள்; அவள் கத்தியை முகர்ந்து பார்த்துவிட்டு வெட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கணினியைத் திறந்து விக்கியில் தன் பயனர் பக்கத்துக்குப் போனாள். பிழைதிருத்தம் வந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. பெயரும் பதவியும் இருந்த வரியில் ‘முதுநிலை’ என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. அதற்குக் கீழே புதிதாக இரண்டு வரி எழுதினாள்:

“ஏரி அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன் அட்டவணை ஏழைப் படித்தேன். கோடுகளையும் சராசரியையும் பார்த்தேன்.”

என்ன மாற்றினோம் என்று சுருக்கமாகச் சொல்ல ஒரு சிறு பெட்டி உண்டு. அதை வெறுமையாக விட்டுச் சேமித்தாள்.

நாத்தனார் அந்தப் பக்கத்தை அடிக்கடி எட்டிப் பார்க்கிறவள். மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“எதுக்கு அண்ணி இது? இப்ப யாரு கேட்டா? உங்க ஆபீஸ்ல ஒருத்தர் பாத்தாப் போதும்.”

அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். “செருப்ப வெளிய விடு.”

“நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க. பாத்திருந்தா அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே? அப்ப சொல்லலன்னா, இப்ப எதுக்கு?”

அவள் அடுத்த துண்டை எடுத்து முகர்ந்து மடித்தாள். கணவர் ஒரு தடவை கேட்டார். அவருடைய சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். இருபது ஆண்டு அவளோடு குடித்தனம் நடத்தியவர். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஆமையும் எழுதியிருந்தது. அது யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. “உங்கள் பக்கத்தில் சேர்த்ததைப் பார்த்தேன். இது அச்சில் வந்த சான்று அல்ல என்பதால் கட்டுரையில் எதையும் மாற்றாது. பிழைதிருத்தத்தில் உள்ளபடி ‘தட்டச்சுப் பிழை’ என்றே அங்கே இருக்கும். ஆனால் உங்கள் பெயரும் பணியிடமும் இங்கே இருப்பதால் உங்களுக்குத் தொல்லை வரலாம். நீங்கள் கேட்டுக்கொண்டால் இந்த இரண்டு வரியை நீக்கி, வரலாற்றிலிருந்தும் மறைக்க நிர்வாகிகளிடம் சொல்கிறேன். நீக்கட்டுமா?”

மறுநாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவள் பதில் எழுதினாள். ஒரே சொல்.

“இருக்கட்டும்.”